பல் சக்கரத்தில் ஒரு திருகு: 1986 போர்ஷே 944-இன் கிளட்ச், ஃப்ளைவீல் மாற்றம்

ஹைல்பிரான் நகரிலிருந்து லோவன்ஷ்டைன் மலைக்கு ஏறும் பி39 சாலையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நீண்ட ஏற்றம் இருக்கிறது. ஜூன் மாத மாலை ஒன்றில் நான்காம் கியரில் அந்த ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தேன். ஆர்.பி.எம். முள் 3,000-இலிருந்து 4,000-ஐத் தாண்டி ஓடியது. ஸ்பீடோமீட்டர் முள் இருந்த இடத்திலேயே நின்றது. அடுத்த வளைவுக்குள் கிளட்ச் கருகும் வாசனை உள்ளே வந்துவிட்டது.

வண்டி 1986-ஆம் ஆண்டு போர்ஷே 944. 2,479 கன சென்டிமீட்டர், நான்கு சிலிண்டர். அந்த மலையிலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நெக்கார்சுல்ம் ஆலையில்தான் இந்த வகைக் கார்கள் உருவாயின. எனக்கு முன் வைத்திருந்தவர்களின் பில்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன; அவற்றில் டைமிங் பெல்ட் உண்டு, தண்ணீர் பம்பு உண்டு, கிளட்ச் என்ற சொல்லே இல்லை. 1,87,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. முதல் கிளட்சாகவே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

வழுக்கல் ஒன்றுதான் குறை என்றால் தேய்மானம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சில மாதங்களாகவே வேறு இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது வண்டியின் நடுவில் எங்கோ ‘டொக்’ என்று ஓர் அடி விழும். சில காலை வேளைகளில் பெடலை முழுக்க மிதித்தும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று கடித்துக்கொண்டு விழும். ஒருபுறம் கிளட்ச் பிடிக்கவில்லை. இன்னொருபுறம் அது விடவும் இல்லை. இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் தேய்மானத்துக்கு மேல் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் காரில் கிளட்சைப் பிரிக்காமலே தேய்மானத்தை அளக்க ஒரு வழி உண்டு. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் ரப்பர் மூடி போட்ட ஒரு துளை இருக்கிறது. மூடியை எடுத்துவிட்டு, துளையின் விளிம்பிலிருந்து உள்ளே தெரியும் கிளட்ச் ஃபோர்க் வரை, அதாவது பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் கவை வரை, அளக்க வேண்டும். புது கிளட்சில் அது ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். 34-ஐத் தொட்டால் ஆயுள் முடிந்தது. என் வண்டியில் 33.

நான் மதுரைக்காரன். இந்த வேலையில் எனக்குக் கைகொடுத்தவர் எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து, முப்பது ஆண்டுகள் கார்ப் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவரை அண்ணன் என்றுதான் அழைப்பேன். ஊர்ப்புறத்தில் ஒரு பழைய தானியக் களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து, அதில் இரண்டு தூண் லிஃப்ட் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார். அளவைக் கேட்டதும் அவர் சொன்னது: “தம்பி, இது கிளட்ச் வேலை இல்லை. வண்டியைப் பின்னாலிருந்து முன்னாலே கழற்றுகிற வேலை. மூன்று வார இறுதி ஒதுக்கும்.”

அவர் மிகைப்படுத்தவில்லை. பெரும்பாலான பின்சக்கர இழுவைக் கார்களில் இன்ஜினுக்குப் பின்னாலேயே கியர்பாக்ஸ் இருக்கும். அதை இறக்கினால் கிளட்ச் கண்முன் வந்துவிடும். 944-இல் எடையை முன்னும் பின்னும் சமமாகப் பங்கிட வேண்டும் என்பதற்காகக் கியர்பாக்ஸைப் பின் அச்சில் கொண்டுபோய் வைத்தார்கள். கிளட்ச் மட்டும் முன்னால் இன்ஜினோடு தங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஓர் எஃகுக் குழாய். அதற்குள் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தண்டு இன்ஜினின் வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். கிளட்சைத் தொட வேண்டுமானால் அந்தக் குழாயைப் பின்னால் நகர்த்த வேண்டும். குழாய் நகர கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். கியர்பாக்ஸ் இறங்க ஆக்சில்கள் கழல வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் சைலன்சர்.

முதல் வார இறுதி முழுவதும் இதற்கே போயிற்று. அதில் சொல்லத் தகுந்தது ஒன்றே ஒன்று. பின் ஆக்சில்களைக் கியர்பாக்ஸோடு பிணைக்கும் போல்டுகளின் தலையில் குழி இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டு மண்ணும் கிரீஸும் அதில் கெட்டிப்பட்டுக் கிடந்தன. நான் சாவியை அப்படியே சொருகப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு கூர்மையான ஊசியால் ஒவ்வொரு குழியையும் பல் மருத்துவர் போலச் சுரண்டி எடுத்து, காற்றடித்து, சாவியைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி அடிவரை இறக்கி, அதன் பிறகே திருப்பினார். ஒரு தலைகூட உருளவில்லை. ஒரே ஒரு போல்டின் குழி உருண்டிருந்தால் அன்றைய நாள் வெல்டிங் இயந்திரத்தோடு கழிந்திருக்கும்.

குழாயையும் பெல் ஹவுசிங்கையும் இணைக்கும் மேல் போல்டுகளுக்குக் கை எட்டாது. எக்ஸ்டென்ஷன்களை ஒன்றோடொன்று மாட்டி, ஒரு மீட்டருக்கு மேல் நீளமாக்கி, குழாயின் முதுகு வழியாகப் பின்னாலிருந்து அனுப்பினோம். ஒருவர் முன்னால் படுத்துச் சாக்கெட்டைப் போல்டின் தலையில் பொருத்த, மற்றவர் பின்னாலிருந்து திருப்பினார். குழாய் பின்னே நகர்ந்ததும் அதனுள் இருக்கும் தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தோம். உலர்ந்த சத்தம் ஏதும் இல்லாமல் அமைதியாகச் சுழன்றது. அந்த பேரிங்குகள் போயிருந்தால் செலவு இரட்டிப்பாகியிருக்கும்.

உள்ளே இருந்தது

பெல் ஹவுசிங்கைக் கழற்றும்போது தரையில் கறுப்புத் துகள்கள் உதிர்ந்தன. எடுத்து விரலால் நசுக்கினேன், ரப்பர். ‘டொக்’ என்ற அடிக்கும், கடித்துக்கொண்டு விழுந்த ரிவர்ஸுக்கும் விடை அதுதான்.

944-இன் கிளட்ச் பிளேட் நடுவில் வழக்கமான சுருள்வில்களுக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் வளையம் இருக்கும். இரண்டரை லிட்டரை நான்கே சிலிண்டர்களில் அடைத்த இன்ஜின் இது. ஒவ்வொரு பிஸ்டனும் பெரியது, ஒவ்வொரு வெடிப்பும் பலமானது. மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன்களின் உலுக்கலை அடக்க, மிட்சுபிஷியின் காப்புரிமையைப் பெற்று, இன்ஜினின் இருபுறமும் இரண்டு சமநிலைத் தண்டுகளைப் போர்ஷே வைத்தது. அவை கிராங்க்ஷாஃப்டைப் போல் இரு மடங்கு வேகத்தில் சுழலும். ஆனால் வெடிப்புக்கு வெடிப்பு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் சற்றே முந்துவதையும் பிந்துவதையும் அந்தத் தண்டுகளால் தடுக்க முடியாது. அந்தத் துடிப்பு நீண்ட தண்டின் வழியே பின்னால் போய்க் கியர் பற்களைக் கடகடக்க வைக்கும். அதை வழியிலேயே விழுங்குவதற்காக வைத்ததுதான் ரப்பர்.

என் பிளேட்டில் அந்த ரப்பர் மூன்று இடங்களில் கிழிந்திருந்தது. நடுப்பகுதியைக் கையால் பிடித்துத் திருப்பினால் சில டிகிரி வெறுமனே சுழன்று, பிறகு இரும்பு இரும்பில் மோதி நின்றது. நான் கேட்ட அடி அதுவே. பிய்ந்த துண்டுகள் பிளேட்டுக்கு இடையில் சிக்கிய நாட்களில் கிளட்ச் முழுதாக விடவில்லை. உராய்வுப் பட்டையோ ஆணித்தலை வரை தேய்ந்திருந்தது.

இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் இலேசாகக் கசிந்திருந்தது. பிளேட்டுக்கு எண்ணெய் வரவில்லை. இருந்தாலும் அதை மாற்றாமல் மூடுவது அறிவீனம். மறுபடி அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால் சைலன்சரிலிருந்து தொடங்க வேண்டும். ஃபோர்க் அசைக்கும் ரிலீஸ் பேரிங், ஃபோர்க்கின் அச்சில் இருக்கும் ஊசி பேரிங்குகள், பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியே ஃபோர்க்குக்குக் கொண்டுசேர்க்கும் ஸ்லேவ் சிலிண்டர் எல்லாமே புதிதாகப் போட்டோம்.

ஃப்ளைவீல்

இன்ஜினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரம்தான் ஃப்ளைவீல்; கிளட்ச் பிளேட் அதன் முகத்தில்தான் பிடிக்கும். இந்த வேலையில் பலரும் சிக்கனம் பார்க்கும் இடம் இது. கிளட்ச் பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே பெட்டியில் வரும். அதைப் போட்டுவிட்டு, ஃப்ளைவீலை உப்புக்காகிதத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கி மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அதன் முகத்தை பெட்ரோலில் துடைத்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது எண்ணம் மாறியது. ஆணிகள் கிழித்த இரண்டு வட்டக் கோடுகள். விரல் நகத்தை ஓட்டினால் நகம் அதில் மாட்டி நின்றது. அவற்றுக்கு இடையில், தண்ணீரில் விழுந்த எண்ணெய்த் துளி போல நீலமும் ஊதாவுமாகப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள், வறண்ட கண்மாயின் தரை போல. கிளட்ச் வழுக்கும்போதெல்லாம் அந்த இடங்கள் மட்டும் பழுக்கக் காய்ந்து, ஆறி, மற்ற இடத்தைவிடக் கடினமாகிவிட்டன. புதுப் பிளேட்டை இதன்மேல் வைத்தால் மேடான புள்ளிகளில் மட்டுமே அது தொடும். அங்கேயே மறுபடி சூடேறும். முதல் கியரில் கிளம்பும்போது வண்டி உதறும்.

லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் டயல் கேஜ் வைத்து ஒரு சுற்றுச் சுழற்றினார், விரிசலின் ஆழத்தைப் பார்த்தார், பிறகு வேலையை எடுக்க மறுத்துவிட்டார். விரிசல் போகும்வரை செதுக்கினால் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே போய்விடும் என்றார். நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் ஓடும் சக்கரம் அது. சிதறினால் பெல் ஹவுசிங் அதைத் தாங்காது, அதற்கு மேலேதான் ஓட்டுநரின் கால் இருக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு செதுக்கித் தந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த மறுப்புக்கு நான் இன்றும் நன்றியுள்ளவன்.

இரண்டாம் வார இறுதிக்குள், இதே வகை இன்ஜின் ஒன்றிலிருந்து கழற்றிய ஃப்ளைவீல் ஒன்று கிடைத்தது. விரிசல் இல்லை, நீலப் புள்ளிகள் இல்லை. அதே லேத் பட்டறையில் முகத்தை மட்டும் சீவிக் கொடுத்தார்கள். பிளேட் உராயும் முகத்துக்கும் பிரஷர் பிளேட் உட்காரும் இடத்துக்கும் உள்ள உயரக் கணக்கு மாறக்கூடாது என்பதை நான் சொல்லும் முன்பே அவர் சொன்னார்.

பழையதையும் வந்ததையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தோம். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, விளிம்பைச் சுற்றி ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டே வந்தார். பழையதில் ஓரிடத்தில் விரல் தட்டுப்பட்டு நின்றது. புதிதில் ஒரு சுற்று முழுதும் போய்வந்தது, எங்கும் தட்டவில்லை.

“இங்கே பாரும். இதிலே ஒரு பல்லைப் பிடுங்கி விட்டிருக்கிறார்கள்.”

பழைய ஃப்ளைவீலின் விளிம்பில் தலையில்லாத ஒரு சிறு திருகு துருத்திக்கொண்டிருந்தது. வந்ததில் அதே இடத்தில் துருவும் அழுக்கும் அடைத்த வெறும் துளை.

அந்தத் திருகு இல்லாவிட்டால் இந்த இன்ஜின் ஓடாது. எனக்கு அது அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. ஃப்ளைவீல் என்றால் சுழற்சியைச் சேமித்து வைக்கும் எடை, கிளட்ச் பிடித்துக்கொள்ளும் முகம், ஸ்டார்ட்டர் கடிக்கும் பல் சக்கரம் என்று மூன்று வேலைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 944-இல் அதற்கு நான்காவது ஒரு வேலை இருக்கிறது. அதுதான் இன்ஜினின் கடிகாரம். பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் கணினி பெட்ரோலை எப்போது பீய்ச்சுவது, பொறியை எப்போது விடுவது என்பதை ஃப்ளைவீலைப் பார்த்தே முடிவு செய்கிறது. அதற்கு மேலே இரண்டு சென்சார்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று ஸ்டார்ட்டர் சக்கரத்தின் 132 பற்களை எண்ணுகிறது; ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 2.7 டிகிரி. இன்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியும்; சுற்றில் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. அதைச் சொல்வது இந்த ஒற்றைத் திருகு. சுற்றுக்கு ஒரு முறை இரண்டாவது சென்சாரைக் கடக்கும்போது, ‘எண்ணத் தொடங்கு’ என்று அது சொல்கிறது.

பழைய திருகைக் கழற்றும் முன் அது எவ்வளவு துருத்தி நிற்கிறது என்று வெர்னியரால் மூன்று முறை அளந்து எழுதிக்கொண்டோம். அதிகம் துருத்தினால் சென்சாரை உரசி உடைக்கும். அமுங்கினால் சைகை தேயும். சூடு காட்டித்தான் அது அசைந்தது. புது இடத்தில் மரைப் பசை தடவி, அதே அளவுக்கு இறக்கினோம்.

மாட்டும் வேலை

ஃப்ளைவீல் போல்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது. புதியவற்றைப் பூட்டி, எதிரெதிராகப் படிப்படியாக 90 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினோம். பிரஷர் பிளேட்டுக்கு 25 போதும்.

எந்தப் பிளேட்டைப் போடுவது என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. போர்ஷே எப்படி வைத்ததோ அப்படியே ரப்பர் நடுவுள்ள பிளேட்டைப் போட வேண்டும் என்றேன் நான். அவர் சுருள்வில் பிளேட்டைச் சொன்னார். “நீர் ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறீர். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது தம்பி, வயது மட்டும்தான் தெரியும்.” அது சரியான வாதம். குறைவாக ஓடி அதிகம் நிற்கும் வண்டிக்கு, சும்மா நிற்கும்போதே கெட்டுப்போகும் ஒரு பாகத்தை, அதுவும் எட்டுவதற்கு மூன்று வாரம் பிடிக்கும் இடத்தில் வைப்பதில் பொருளில்லை. 225 மில்லிமீட்டர் சுருள்வில் பிளேட் போட்டோம். அதன் விலையை வேறு விதத்தில் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே போட்டோம்.

பிளேட்டை மையத்தில் நிறுத்தும் பிளாஸ்டிக் கம்பி இல்லாமல் பிரஷர் பிளேட்டை இறுக்கினால், கடைசியில் தண்டு உள்ளே போகாது. 944-இன் ரிலீஸ் பேரிங் பெரும்பாலான கார்களில் போல பிரஷர் பிளேட்டின் வில் விரல்களை உள்நோக்கி அழுத்துவதில்லை, பின்னோக்கி இழுக்கிறது. அதனால் பேரிங் பிரஷர் பிளேட்டோடேயே வளையம் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். அந்த வளையம் தன் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைச் சுற்றிலும் பார்த்த பிறகே பெல் ஹவுசிங்கைத் தூக்க வேண்டும். நாங்கள் ஆளுக்கொரு முறை பார்த்தோம்.

சென்சார்களைத் தாங்கும் பட்டையைப் பொருத்தும்போது, சென்சாரின் நுனிக்கும் பல்லுக்கும் இடையில் 0.8 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்தச் சந்தில் ஃபீலர் கேஜ் போகாது. 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு வாஷரைப் பழைய சென்சாரின் நுனியில் ஒட்டி, வாஷர் பல்லைத் தொடும்வரை பட்டையை இறக்கி, அங்கேயே இறுக்கினோம். பழைய சென்சாரை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினால் இடைவெளி தானாக அமைந்துவிடும்.

மூன்றாம் வார ஞாயிறு மாலை, சைலன்சர் வரை எல்லாம் மாட்டி, சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழற்றியது. இன்ஜின் எடுக்கவில்லை. மறுபடியும் திருப்பினேன். ஒரு சிறு வெடிப்புக்கூட இல்லை.

944 கிளம்பாவிட்டால் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது கணினிக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் கொடுக்கும் ரிலேயை. அதன் உள்ளே ஈயப்பற்று விரிசல் விடுவது வழக்கம். நானும் அதைப் பிடுங்கக் குனிந்தேன். “ரிலேயை விடும். திருப்பிக்கொண்டே ஆர்.பி.எம். முள்ளைப் பாரும்” என்றார் அண்ணன். திருப்பினேன். முள் இலேசாகத் துள்ள வேண்டும்; பூச்சியத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இன்ஜின் சுழல்வதே கணினிக்குத் தெரியவில்லை.

அந்தக் கணத்தில் என் வயிற்றைக் கலக்கியது திருகு. அது கழன்று விழுந்திருந்தால் மறுபடி சைலன்சர், ஆக்சில், கியர்பாக்ஸ், குழாய். சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் துளை வழியே டார்ச்சும் சிறு கண்ணாடியுமாக நான் எட்டிப் பார்க்க, அண்ணன் முன்னால் கிராங்க் போல்டில் 24 சாக்கெட்டை மாட்டி இன்ஜினை மெல்லச் சுழற்றினார். பற்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஏறக்குறைய ஒரு சுற்று முடியும் நேரத்தில் திருகு தன் இடத்தில், நாங்கள் தடவிய பசையின் நிறத்தோடு வந்தது.

பிறகு காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு சென்சார்களின் பிளக்குகளும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டும் இரண்டிலும் பொருந்தும். கழற்றும் அன்று ஒன்றில் மட்டும் நான் காகித நாடா ஒட்டி வைத்திருந்தேன். அது எண்ணெயில் ஊறிக் கழன்று, பேட்டரியின் அடியில் கிடந்தது. பற்களை எண்ணும் சென்சாரின் கம்பியைத் திருகைப் பார்க்கும் சென்சாரில் மாட்டியிருந்தேன். மாற்றி மாட்டியதும் முள் துள்ளியது, பெட்ரோல் பம்பு முனகியது, இன்ஜின் எடுத்தது. அன்றிலிருந்து எண்ணெய்க்கு அசையாத உலோக வில்லைகளில் எண் குத்தித்தான் கம்பிகளில் கட்டுகிறேன்.

கிளட்ச் திரவத்தில் சிக்கிய காற்றை வெளியேற்ற மேலிருந்து கீழாக எத்தனை முறை முயன்றும் பெடல் தரையிலேயே கிடந்தது. கடைசியில் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலாகத் திரவத்தை மெல்ல ஏற்றினோம். காற்றுக் குமிழ்கள் தாமாகவே மேலே வந்தன. பெடல் எழுந்து நின்றது.

முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குக் கிளட்சை வருத்தாமல் ஊருக்குள்ளேயே ஓட்டினேன். கிளம்பும்போது உதறல் இல்லை. ‘டொக்’ இல்லை. ரிவர்ஸ் கியர் ஒரு விரலுக்கு விழுகிறது. சுருள்வில் பிளேட்டுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் வந்தது: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, கியர் போடாமல் நிற்கும்போது, பின்னாலிருந்து ஒரு மெல்லிய கடகட ஒலி. பெடலை மிதித்தால் நின்றுவிடுகிறது. எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

அக்டோபரில் அறுவடை முடிந்த திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே லோவன்ஷ்டைன் ஏற்றத்தில் மறுபடி நான்காம் கியரில் முழுவதும் மிதித்தேன். இரண்டு முட்களும் சேர்ந்து ஏறின. திரும்பி வந்து, வண்டியைத் தூக்கி, பெல் ஹவுசிங்கின் ரப்பர் மூடியைத் திறந்து அளந்தேன். 18 மில்லிமீட்டர். தேதியையும் கிலோமீட்டரையும் சேர்த்து அந்தப் பழைய பில்களின் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ‘ஃப்ளைவீலில் திருகு இருக்கிறது’ என்பதையும்.